உள்ளூர்ச் சிறுதொழில் வெளிநாட்டுச் சந்தைக்குப் போவதை மாணவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பாளை வணிகவியல்:
மூன்றாம் ஆண்டு பி.காம் மாணவர்களுக்கு இந்தப் பருவத்தில் பன்னாட்டு வணிகம் பாடம். புத்தகத்தில் மறைமுக ஏற்றுமதி, நேரடி ஏற்றுமதி, உரிமம், பிரான்சைஸ், கூட்டு நிறுவனம் என்று வகை பிரித்து எழுதியிருக்கிறது. பிள்ளைகள் அதை ஒப்பித்துவிடுகிறார்கள். ஆனால் உடன்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருப்பவர் துபாய்க்குச் சரக்கு அனுப்ப முதலில் யாரிடம் போக வேண்டும், என்ன விலை சொல்ல வேண்டும் என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. நம்ம பக்கத்துப் பொருள்களான கருப்பட்டி, பத்தமடைப் பாய், கடலை மிட்டாய், அல்வா இவற்றை வைத்தே பாடத்தை நடத்த நினைக்கிறேன். எங்கே தொடங்கலாம்? தொழிலில் இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கருப்பட்டி கணக்கு:
டீச்சர், வகைகளை ஒரு மாதம் தள்ளிவைங்க. முதல் வகுப்பிலேயே ஒரு விலைக் கணக்கைக் கையில் கொடுங்க. நம்ம ஊர் யாவாரிகள் விழுகிற இடம் அதுதான். "கிலோ 400 ரூவா, மேல 50 வச்சுக் கொடுத்துருவோம்" என்று சொல்லிவிட்டுப் பிறகு கையைப் பிசைவார்கள்.

மாதிரிக் கணக்கு ஒன்று தருகிறேன். விலையெல்லாம் வகுப்புக்காக வைத்தவை. அன்றன்றைய விலையை மாணவர்களே மண்டியிலும், துறைமுகத்தில் சுங்க வேலையை முடித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட்டிடமும் கேட்டு மாற்றிக்கொள்ளட்டும்.

அரைக் கிலோ பை. ஒரு அட்டைப்பெட்டியில் 24 பை, அதாவது 12 கிலோ. 42 பெட்டி சேர்ந்தால் 504 கிலோ, 1,008 பை. கருப்பட்டி கிலோ 400 வீதம் 2,01,600 ரூபாய். பையும் லேபிளும் சேர்ந்து ஒன்றுக்கு 14 வீதம் 14,112. பெட்டி 60 வீதம் 2,520. ஆய்வகச் சோதனை 8,000. தூத்துக்குடி வரை வண்டி, ஏஜென்ட் கூலி, கிடங்குச் செலவு, தாள் செலவு எல்லாம் 22,000. கூட்டினால் 2,48,232. அதன்மேல் 12 சதவீதம் லாபம் வைத்தால் எஃப்ஓபி விலை, அதாவது கப்பலில் ஏற்றிக் கொடுப்பது வரையான விலை, 2,78,020. கிலோவுக்கு ஏறக்குறைய 552.

இதோடு நிறுத்திவிடுவது பெரிய தப்பு. இனிமேல்தான் பாடமே. கப்பல் கூலியும் காப்பீடும் 18,000 என்றால், அதையும் சேர்த்த சிஐஎஃப் விலை 2,96,020. அந்த நாட்டில் 5 சதவீதம் சுங்கவரி என்றால் 14,801. இறங்கும் துறைமுகச் செலவு, அங்குள்ள வண்டி எல்லாம் 30,000. ஆக இறக்குமதி செய்கிறவர் கிடங்குக்குப் போய்ச் சேரும்போது 3,40,821, கிலோ 676. அவர் 25 சதவீதம் வைப்பார், 845 ஆகும். கடைக்காரர் 40 சதவீதம் வைப்பார், 1,183. அரைக் கிலோ பை அலமாரியில் 592 ரூபாய்க்கு உட்காரும்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடச் சொல்லுங்க. அங்குள்ள கடையில் இதே அளவுப் பனங்கருப்பட்டியோ தென்னஞ்சர்க்கரையோ என்ன விலைக்கு விற்கிறது என்று இணையக் கடைகளில் பார்த்து எழுதட்டும். அது 450 ரூபாய் என்றால் நம்ம எஃப்ஓபி எவ்வளவு இருக்க வேண்டும்? அந்த விலைக்கு இங்கே சரக்கு கிடைக்குமா? கிடைக்காது என்று தெரிந்தால் அந்த நாட்டை விட்டுவிடலாம், அளவைக் கூட்டலாம், இல்லையென்றால் பையை 250 கிராம் ஆக்கலாம். மாணவர் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்து காரணம் சொல்லட்டும். அளவைக் கூட்டினால் ஏன் விலை இறங்கும் என்று கேளுங்க. 8,000, 22,000, 30,000 மூன்றும் சரக்கு இரட்டித்தாலும் இரட்டிக்காத செலவுகள். அதைத் தானே கண்டுபிடிக்கிற மாணவருக்கு நிலையான செலவு, மாறும் செலவு என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதே இல்லை.

மேலரத வீதி:
கணக்கு அருமை அண்ணாச்சி. ஒன்று சேர்க்கணும். அமீரகத்தோடு இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின் கீழ், சரக்கு இந்தியாவில் உருவானது என்று காட்டும் பிறப்பிடச் சான்று எடுத்துக் கொடுத்தால் பல பொருள்களுக்கு 5 சதவீத வரி குறையும், சிலவற்றுக்கு இல்லாமலே போகும். சான்று இல்லாமல் சரக்கு போனால் வாங்குகிறவர் முழு வரியும் கட்டிவிட்டு அடுத்த தடவை நம்மகிட்ட விலை குறைத்துக் கேட்பார். மாணவர்கள் அந்த 14,801-ஐ வைத்தும் வைக்காமலும் இரண்டு தடவை போட்டுப் பார்க்கட்டும்.

சந்தைத் தேர்வு பற்றியும் சொல்லணும். எல்லாக் கல்லூரியிலும், நாடுவாரி வர்த்தகப் புள்ளிவிவரம் தரும் "டிரேட் மேப்" தளத்தில் சரக்கின் எண்ணைத் தட்டி, அதிகமாக இறக்குமதி செய்யும் நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். அது ஏமாற்றும். சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்தும் உலக எண் வரிசையில் (எச்எஸ்) பனைச் சர்க்கரை 1702 90-க்குள் வருகிறது. ஆனால் அதே ஆறு இலக்கத்துக்குள் தொழிற்சாலைச் சர்க்கரைப் பாகுகளும் வேறு பல சர்க்கரைகளும் கிடக்கின்றன. ஒரு நாடு கோடிக்கணக்கில் இறக்குமதி செய்கிறது என்றால் அதில் கருப்பட்டி ஒரு மூட்டைகூட இல்லாமல் இருக்கலாம். நம்ம நாட்டு எட்டு இலக்க எண்ணில்தான் பனை தனியாகப் பிரிகிறது. முதல் ஆறு இலக்கம் உலகப் பொது, கடைசி இரண்டு அந்தந்த நாட்டுக்குரியது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டாலே பாதிப் புள்ளிவிவர மயக்கம் போய்விடும். எண்ணைத் தப்பாகப் போட்டால் வரியும் தப்பும், சலுகையும் தப்பும்.

உணவு ஆய்வு மேசை:
விலைக்கு முன்னால் பொருள் அந்த நாட்டுக்குள் நுழையுமா என்று பார்க்க வேண்டும். கருப்பட்டியையே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் சிக்கல் ஈரம். கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சூடு ஆறுவதற்குள் பையில் போட்டு ஒட்டினால் உள்ளே ஆவி தங்கி, பையின் உட்புறம் வேர்த்து, இரண்டு மூன்று வாரத்தில் மேற்பரப்பு பிசுபிசுத்துப் பூசணம் பிடிக்கும். கப்பலில் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வருவதால் கன்டெய்னரின் கூரையிலேயே நீர் கோத்துச் சொட்டும். சாதாரண பாலிதீன் பை இதற்குத் தாங்காது. அலுமினியப் படலம் சேர்ந்த பல அடுக்குப் பை வேண்டும். நன்றாக ஆறவிட வேண்டும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வைக்க வேண்டும். பதநீர் இறங்கும் மாதங்களில் வாங்கிய சரக்கை அடைமழைக் காலத்தில் பிரித்து அடைத்தால் இந்தக் கேடு இரட்டிப்பாகும். ஐப்பசி, கார்த்திகையில் அடைக்கும் இடத்துக்கு ஈரம் குறைக்கும் கருவி இல்லாமல் முடியாது.

இரண்டாவது, நிறம் வெளுக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போடுவது. போட்டால் பொருளில் கந்தக டை ஆக்சைடு தங்கும். கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற அளவை அமெரிக்காவில் தொட்டாலே, ஐரோப்பிய ஒன்றியத்தில் தாண்டினால், லேபிளில் சல்பைட் என்று எழுதியாக வேண்டும். எழுதாமல் போய் அங்கே சோதனையில் பிடிபட்டால் சரக்கு நிற்கும்.

மூன்றாவது, கரும்புச் சர்க்கரைக் கலப்படம். இங்கே நாக்கை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். அங்கே கார்பன் ஐசோடோப் சோதனையில் கண்டுபிடிப்பார்கள். பனை ஒளிச்சேர்க்கை செய்யும் வழி வேறு, கரும்பு செய்யும் வழி வேறு. அதனால் இரண்டின் சர்க்கரையிலும் கார்பன் 13-இன் விகிதம் மாறுபடும். தாவரவியல் படிக்கிற மாணவரையும் இந்த வகுப்பில் உட்காரவைக்கலாம், இரண்டு துறைக்கும் பயன்.

நான்காவது, லேபிளில் "சர்க்கரை நோயாளிகளுக்கு நல்லது" என்று எழுதுவது. அமெரிக்காவில் நோயைக் குறிப்பிட்டு அப்படி எழுதினால் உணவாகப் பார்க்க மாட்டார்கள், அனுமதி பெறாத மருந்து என்று எடுத்துக்கொள்வார்கள். ஊட்டச்சத்து அட்டவணையை அந்த நாடு கேட்கும் வடிவத்தில், ஆய்வக அறிக்கையைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். வளைகுடாவுக்கு அரபியில் லேபிளோ ஸ்டிக்கரோ, தயாரித்த நாளும் காலாவதி நாளும் வேண்டும்.

கடலை மிட்டாய் எடுக்கும் குழுவுக்கு ஒரு கேள்வி கொடுங்கள்: ஐரோப்பா ஏன் கடினம்? விடை அஃப்ளாடாக்சின், பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு. நேரடியாகச் சாப்பிடும் நிலக்கடலைக்கு அங்கே பி1 வகை கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், மொத்தம் 4 மைக்ரோகிராம். அதற்கு மேல் போகக் கூடாது. பூஞ்சை பிடித்த ஒரு சில பருப்பு போதும், மொத்தச் சரக்கும் தோற்கும். வறுத்தாலும் இந்த நஞ்சு முழுதாகப் போகாது. ஆகவே கடலையைக் காய வைக்கிற களத்திலும் பருப்பு பொறுக்குகிற மேசையிலும்தான் அதைத் தடுக்க முடியும். பாகு காய்ச்சும் இடத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

பாளை வணிகவியல்:
இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, எல்லாக் குழுவும் அல்வாவைத்தான் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? இரண்டு, புவிசார் குறியீடு இருந்தால் வெளிநாட்டிலும் பாதுகாப்பு உண்டுதானே?

உணவு ஆய்வு மேசை:
அல்வாவை முதல் குழுவுக்குக் கொடுக்க வேண்டாம் மேடம். சம்பா கோதுமைப் பால் என்பதால் குளூட்டன், நெய் என்பதால் பால்பொருள். இரண்டும் ஒவ்வாமைப் பட்டியலில் வரும், பால்பொருளுக்குப் பல நாடுகளில் தனிச் சுகாதாரச் சான்றும் அனுமதியும் உண்டு. ஆயுளும் போதாது. ஏற்றும் நாளிலிருந்து கடை அலமாரிக்குப் போக ஒன்றரை மாதம் என்று வைத்துப் பாருங்கள். வாங்குகிறவர் பெரும்பாலும் பாதிக்கு மேல் ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும் என்பார். விமானத்தில் அனுப்பினால் கூலி இனிப்பின் விலையையே எட்டிவிடும். அல்வாவை ஏற்றுமதிப் பாடமாக வைக்காமல் "அங்கேயே கிண்டி விற்கும் கடை" என்ற பாடமாக வைத்தால் பொருந்தும். உரிமம், பிரான்சைஸ் அத்தியாயம் வரும்போது எடுங்கள்.

மேலரத வீதி:
குறியீடு பற்றி: பத்தமடைப் பாய், கோவில்பட்டி கடலை மிட்டாய், உடன்குடிப் பனங்கருப்பட்டி மூன்றுக்கும் இங்கே பதிவு இருக்கிறது. ஆனால் அது இந்திய எல்லைக்குள் உள்ள உரிமை. வெளிநாட்டில் ஒருவர் அதே பெயரைப் போட்டு விற்றால் இந்தப் பதிவைக் காட்டித் தடுக்க முடியாது, அந்த நாட்டுச் சட்டப்படி தனியாகப் பதிய வேண்டும். இங்கேயும் யார் வேண்டுமானாலும் முத்திரையைப் போட முடியாது. அந்த எல்லைக்குள், அந்த முறையில் செய்கிறவர் "அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்" என்று பதிந்திருக்க வேண்டும். வாங்கி விற்கும் வியாபாரி, பதிந்த நெசவாளரிடம் வாங்கிய பில்லைக் கோப்பில் வைத்திருப்பது நல்லது.

துறைமுக ரோடு:
கிளியரிங் பக்கத்திலிருந்து சொல்லுதேன். பிள்ளைகள் "ஏற்றுமதி லைசென்ஸ்" என்று ஒரே தாள் இருப்பதாக நினைக்காங்க. வரிசையைச் சரியாகச் சொல்லிக் கொடுங்க.

பான், நடப்புக் கணக்கு, ஜிஎஸ்டி. பிறகு வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டிஜிஎஃப்டி தளத்தில் ஐஇசி, அதாவது ஏற்றுமதி இறக்குமதிக்கான எண், 500 ரூபாய் கட்டணம். பான் எண்ணே ஐஇசி எண். வருஷா வருஷம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தைப் புதுப்பிக்கணும். ஒன்றும் மாறாவிட்டாலும் "மாற்றமில்லை" என்று உறுதி செய்யணும். மறந்தால் எண் முடங்கும், அதைச் சரக்கு துறைமுக வாசலில் நிற்கும்போதுதான் கண்டுபிடிப்பாங்க. ஜிஎஸ்டி வரி கட்டாமல் அனுப்ப எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம், அதுவும் நிதியாண்டுக்கு ஒன்று. வங்கியில் ஏடி கோடு (ஏற்றுமதிப் பணம் வரும் வங்கியைக் காட்டும் எண்) வாங்கி, எந்தத் துறைமுகம் வழியாகப் போகுதோ அங்கே சுங்கத் தளத்தில் பதியணும். தூத்துக்குடியில் பதிந்துவிட்டு அவசரத்துக்குக் கொச்சி வழியாக அனுப்பப் பார்த்தால் ஷிப்பிங் பில், அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி அறிவிப்பு, போட முடியாது. உணவு என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ உணவுப் பாதுகாப்பு உரிமமும், வேளாண் பொருள் ஏற்றுமதி ஆணையமான அபீடா பதிவும், பாய், ஓலைப்பெட்டி என்றால் கைவினை ஏற்றுமதிக் கவுன்சில் பதிவும்.

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதுக்குக் கப்பல் நிறுவனம் கொடுக்கும் தாள்), பிறப்பிடச் சான்று. இந்த ஐந்திலும் பெட்டி எண்ணிக்கை, நிகர எடை, மொத்த எடை, வாங்குகிறவர் முகவரி ஒரே மாதிரி இருக்கணும். மாணவர்கள் கையில் ஐந்து தாளைக் கொடுத்து, நாலு இடத்தில் தப்பை ஒளித்துவைத்து, கண்டுபிடிக்கச் சொல்லுங்க. ஒரு தாளில் 42 பெட்டி, இன்னொன்றில் 41. ஒன்றில் நிகர எடை 504, இன்னொன்றில் பெட்டியோடு சேர்ந்த எடையையே நிகர எடை என்று போட்டிருக்கும். வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் நாங்க முதலில் பார்ப்பதே இந்தக் கண்தான்.

இப்போ பாய். ஒரு பெட்டி 100 செமீ நீளம், 40 அகலம், 40 உயரம், உள்ளே சுருட்டிய பாய், எடை 14 கிலோ என்று வைங்க. கூரியரில் 14 கிலோவுக்குக் காசு வாங்க மாட்டாங்க. மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுப்பாங்க: 32 கிலோ. விமானச் சரக்கு என்றால் வழக்கமாக 6,000-ஆல் வகுப்பாங்க, 26.7 கிலோ. கப்பலில் பங்குச் சரக்காக, அதாவது ஒரே கன்டெய்னரில் பலர் சரக்கோடு சேர்ந்து, போனால் ஒரு கன மீட்டரா ஒரு டன்னா, எது கூடவோ அதுக்குக் கூலி. அந்தப் பெட்டி 0.16 கன மீட்டர். ஏழு பெட்டி சேர்ந்தால்தான் ஒன்றைத் தாண்டும், அதுக்குக் குறைவாகப் போனாலும் பெரும்பாலும் ஒரு கன மீட்டர் கூலி வாங்கிருவாங்க. அண்ணாச்சி கணக்கில் உள்ள கருப்பட்டிப் பெட்டி 40, 30, 25 செமீ என்றால் 42 பெட்டிக்கு 1.26 கன மீட்டர், அதுக்குத்தான் கூலி, எடைக்கு இல்லை. பெட்டியின் உயரத்தை 5 செமீ குறைத்து அடுக்க முடிந்தால் 1.01-க்கு வந்துரும். நம்ம ஊரில் அட்டைப்பெட்டியை யாரும் சரக்கை அளந்து வடிவமைப்பதில்லை, கையில் கிடைத்த பெட்டியில் அடைக்காங்க. காசு அங்கதான் கரையுது.

கோரையும் ஓலையும் தாவரப் பொருள். ஓலைக்கொட்டானில் கருப்பட்டி வைத்து அனுப்பினால் பார்க்க அழகா இருக்கும், ஆனா கொட்டானுக்கும் சேர்த்துத் தாவர நலச் சான்று கேட்கும் நாடுகள் உண்டு. பூச்சி இருந்தால் மொத்தமும் நிற்கும். பெட்டிகளை அடுக்க அடியில் மரப் பேலட் வைத்தால் உள்மரம் 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் இருந்ததுக்கான முத்திரை மரத்திலேயே இருக்கணும்.

சின்னச் சரக்குக்குத் தபால் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற ஏற்றுமதி மையம் இருக்கு. பத்துப் பாய் விற்கிறவர் அங்கே தொடங்கலாம். ஒரு எச்சரிக்கை: 800 டாலர் வரை அமெரிக்காவுக்கு வரியில்லாமல் போன வழி 2025 ஆகஸ்ட் 29-ஓடு மூடியாச்சு. பழைய வீடியோ பார்த்துப் பாடம் எடுக்காதீங்க.

எல்சி மேசை:
பணம் வரும் பகுதியை யாரும் தொடவில்லை, ஆகவே சுருக்கமாக. முன்பணம், தாள்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குகிறவரின் வங்கி உறுதி கொடுக்கும் எல்சி, தாளைக் கொடுத்துப் பணம் வாங்கும் டி/பி, தவணை ஒப்புக்கொண்டதும் தாளை விடும் டி/ஏ. இந்த வரிசையில் விற்கிறவருக்கு ஆபத்து கூடிக்கொண்டே போகும். நம்ம அளவுச் சரக்குக்குப் பாதி முன்பணம், மீதி பில் ஆஃப் லேடிங் நகலைப் பார்த்ததும் என்று பேசுவதுதான் நடக்கக்கூடியது. 3 லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு எல்சி போட்டால் இரண்டு பக்கத்து வங்கிக் கட்டணமும் லாபத்தைத் தின்றுவிடும். கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், வாங்கியவர் பணம் தராவிட்டால் ஈடு தரும் இசிஜிசி காப்பீடு.

எல்சி சொல்லிக் கொடுக்கும்போது யுசிபி 600-ஐத் திறந்து படிக்கவையுங்கள், அது 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள விதித்தொகுப்பு. ஏற்றிய 21 நாளுக்குள் தாள்களை வங்கியில் கொடுக்க வேண்டும், வங்கிக்குப் பரிசீலிக்க 5 வங்கி நாள். தேர்வுக்கு ஒரு நல்ல கேள்வி: அளவில் 5 சதவீதம் கூடக்குறைய விடலாம் என்று விதி இருக்கிறதே, 42 பெட்டிக்கு 40 பெட்டி அனுப்பலாமா? கூடாது. எல்சியில் பெட்டிக் கணக்காகவோ உருப்படிக் கணக்காகவோ எழுதியிருந்தால் அந்தச் சலுகை இல்லை. 504 கிலோ என்று மட்டும் எழுதியிருந்தால், எல்சி தொகையைத் தாண்டாத வரைக்கும் உண்டு.

இன்னொன்று. ஏற்றுமதிப் பணம் இந்தியாவுக்கு வந்து சேர வேண்டிய காலம் 9 மாதம் என்றே புத்தகங்களில் இருக்கும். 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதை 15 மாதம் ஆக்கியது.

வகுப்பறை நெல்லை:
எல்லோரும் தாளும் எடையும் சொல்கிறீர்கள், சரிதான். கோட்பாட்டை முழுதாகத் தள்ளிவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். யோஹான்சன், வால்னே இருவரும் 1977-இல் எழுதிய உப்சாலா மாதிரி நம் ஊருக்கு அப்படியே பொருந்திப் பார்க்கக்கூடியது. நிறுவனம் முதலில் மனத்துக்குப் பக்கமான சந்தைக்குப் போகும், அனுபவம் சேரச் சேரத் தொலைவுக்கும் பெரிய முதலீட்டுக்கும் நகரும் என்பது அதன் சாரம். மாணவர்களிடம் வரைபடத்தைக் கொடுத்தால் கொழும்புதான் பக்கம் என்பார்கள். ஆனால் நம் வியாபாரிக்குச் சிங்கப்பூரும் கோலாலம்பூரும் துபாயும் அதைவிடப் பக்கமாக இருக்கலாம், அங்கே சரக்கை அடையாளம் தெரிந்து வாங்கும் தமிழ்க் கடைக்காரர் இருக்கிறார். அதே சமயம் அந்தக் கடைகளோடு நின்றுவிட்டால் வளர்ச்சியும் அங்கேயே நின்றுவிடும். அடுத்த படி தமிழர் அல்லாத வாடிக்கையாளர். அவருக்குக் கருப்பட்டி எதற்கு என்றே தெரியாது. அப்போது பையின் அளவு, செய்முறைக் குறிப்பு, தூளா வட்டா என்பது எல்லாம் மாறும். இந்த இடத்தை விவாதிக்கக் கோட்பாடு வேண்டும், வெறும் பேக்கிங் லிஸ்ட் போதாது.

கருப்பட்டி கணக்கு:
ஒத்துக்கொள்கிறேன் சார். அந்த விவாதத்தை விலைக் கணக்குக்குப் பிறகு வையுங்க, அப்பதான் எண்ணோடு பேசுவாங்க.

பாளை வணிகவியல்:
அப்படியென்றால் ஐந்து ஐந்து பேராகக் குழு, குழுவுக்கு ஒரு பொருள், ஒரு நாடு என்று வைக்கிறேன். மதிப்பெண் எப்படிப் பிரிக்கலாம்? துறைமுகத்துக்குள் மாணவர்களை அழைத்துப் போக முடியுமா?

துறைமுக ரோடு:
துறைமுகத்துக்குள்ள நுழைய முன்அனுமதி வாங்கணும் டீச்சர், பெரிய கூட்டத்துக்கு லேசில் கிடைக்காது. அதுக்குப் பதிலா ஒரு கன்டெய்னர் சரக்கு நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. பங்குச் சரக்கு சேர்க்கிறதும், சுங்க அதிகாரி பெட்டியைப் பிரித்துப் பார்க்கிறதும், சீல் வைக்கிறதும் அங்கதான் நடக்கும். முந்தின நாள் ஒவ்வொரு குழுவும் தன் பெட்டியை நிஜமாவே செய்து, அடுக்கி, ஒட்டி எடுத்துட்டு வரட்டும். இடுப்பு உயரத்திலிருந்து ஒரு தடவை மூலை படப் போட்டுப் பாருங்க. ஒட்டு பிரியுதா, உள்ளே வட்டு உடையுதா என்று தெரிஞ்சிரும்.

வகுப்பறை நெல்லை:
மதிப்பெண்ணுக்கு என் யோசனை: விலைக் கணக்கு 30, தாள்கள் 25, பொருள் நுழைவு விதிகளும் லேபிளும் 25, சந்தைத் தேர்வுக்கான காரணம் 20. விலைக் கணக்கில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது யாரிடம், எந்தத் தேதியில் கேட்டது என்று எழுத வேண்டும். எழுதாத எண்ணுக்கு மதிப்பெண் கிடையாது. "இந்தப் பொருளை இந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டாம்" என்று எண்ணோடு நிறுவுகிற குழுவுக்கும் முழு மதிப்பெண் உண்டு என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாக் குழுவும் கணக்கை வளைத்து லாபம் காட்டிக் கொண்டுவரும்.